பாய்லர் வாயில் ஒரு சேலை

என் வீட்டுக்காரிக்கு,

நான் சொகமா இருக்கேன். இங்க சிங்கப்பூர்ல, தஞ்சோங் பகார் துறைமுகத்துல ஒரே மழை. நேத்து பத்து டன் பாய்லர் ஒண்ணக் கப்பல்ல ஏத்துனோம். கிரேன் ஓட்டுற மலையாளத்தாருக்கு வெத்தல போட்டாத்தான் கை ஓடும். அதுக்காக நான் சிராங்கூன் ரோடு வரைக்கும் போனேன். அது கிடக்கட்டும். பாய்லர் மேல நம்மூரு ரைஸ் மில்லு பேரு எழுதியிருந்துச்சு. நாலு வருசமா எனக்கு லீவு இல்ல, இரும்பு ஊருக்குப் போவுது.

பாய்லர மில்லுல மாட்டிக் குடுக்கக் கூடவே போறது யாரு தெரியுமா? எனக்கு முன்னாடி உன்னப் பொண்ணு கேட்டு வந்த வைரவன். ஆறு மாசம் அங்கதான் இருப்பானாம்.

"அண்ணே, வீட்டுக்கு எதுவும் இருந்தா குடுங்க, நானே கையில குடுத்துடுறேன்"ன்னு சிரிக்கிறான்.

"ஒண்ணுமில்ல"ன்னுட்டேன்.

உனக்கு வாங்குன பச்சைச் சேலைய அவனுக்குத் தெரியாம பாய்லரோட அடுப்பு வாய்க்குள்ள திணிச்சு அனுப்பிட்டேன். கப்பல் போனப்புறம்தான் ஒறச்சுது, அத எடுக்க நீ அவன் பக்கத்துலதான போய் நிக்கணும்.

காயிதம் கப்பலுக்கு முன்னாடி வந்துடும். நீ போகாத, உன் தம்பிய அனுப்பு. தம்பி போகலேன்னா சேலை மொதல் நெருப்புல எரியட்டும், எனக்கு ஒண்ணுமில்ல.

ஆனா பச்சை உனக்கு நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்