பழைய நூலகத்து மேசை

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். நூலகத்துக்குக் கொடுக்கிற புத்தகப் பெட்டி வாசல்ல இருக்கு, ஆள் வந்தா ஒரு கை பிடிச்சு ஏத்திவிடுங்க.

டேப்லெட்ல மின்னூல் வாங்கினா, ஒரு பங்கு நாம சொல்ற நூலகத்துக்குப் போகுதாம். நேத்து நீங்க, "எதுவா இருந்தா என்ன"ன்னு பக்கத்துத் தெரு நூலகத்தைப் போட்டுட்டீங்க. அந்தப் பழைய நூலகத்து மேசையில எனக்கு எதிர்ல உட்கார்ந்து, மாசக்கணக்கா ஒரே புத்தகத்தைப் பக்கமே புரட்டாம படிச்சீங்களே, மறந்துபோச்சா? அந்த நூலகத்துக்கே மாத்துங்க. அதுவரைக்கும் உங்ககூட டூ.

பி.கு.: சார்ஜ் போட டேப்லெட்டை எடுத்தேன். ராத்திரியே மாத்தி வெச்சிருக்கீங்க. ஆனா வாங்கின புத்தகம் இன்னும் முதல் பக்கத்துலயே நிக்குது. நேத்து முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு எதிர்ல நான்தானே உட்கார்ந்திருந்தேன்.