சாவிக்கொத்துக்கு விழிக்கும் பெட்டி

என் பிரியமுள்ள அண்ணே,

நீ இருந்தால் "ஏட்டி, விஷயத்துக்கு வா" என்பாய். வருகிறேன், பொறு. உடம்பெல்லாம் அசதி. பகலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்திவிட்டு, சாயங்காலம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உன் செல்போன் ரிப்பேர் கடையில் உட்காருகிறேன். நீ பாதியில் விட்டுப்போன, வௌவால் சத்தம் பதியும் பெட்டிகளை இப்போது நான்தான் பற்றவைக்கிறேன். ஈயப் புகை கண்ணை எரிக்கிறது. அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்துக் கடை அண்ணாச்சி டீ வாங்கித் தருகிறார். பாதி நாள் அவர் நினைப்பது சரிதான்.

மூடப்போகும் பாழுங்கிணறுகளில் எதில் வௌவால் குடியிருக்கிறது என்று பார்க்க, அந்தக் கல்லூரிக்காரர்களுக்காகத் திருவேங்கடம் பக்கம் மாட்டினாயே, அந்தப் பெட்டிகளைப் போன வாரம் இறக்கினேன். நீ போட்ட பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறது அண்ணே. எனக்கு அதன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

பெட்டியைப் பார்த்ததும் அம்மா கேட்டாள். "கெணத்து மேட்டுல நின்னு பேசிக்கிட்டேதான மாட்டுவான்? அவன் சத்தம் அதுல இருக்கும்லா? போடுட்டி, கேப்போம்."

உன் குரல் எங்களிடம் எங்கேயும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு நாளாவது வாய்திறந்து பேசி அனுப்பினாயா? எதைக் கேட்டாலும் ஒரு கட்டைவிரல். அந்த லாரி உன் போனையும் சேர்த்துத்தான் நசுக்கிவிட்டுப் போனது.

பெட்டியில் இருக்காது என்று எனக்குத் தெரியும். வௌவால் கத்துவது நம் காதுக்கு எட்டாத சத்தம். அதற்கு மட்டும் பெட்டி விழிக்க வேண்டும், மற்றதற்கெல்லாம் தூங்க வேண்டும், அப்போதுதான் பேட்டரி மாசக்கணக்கில் தாங்கும் என்று என்னோடு மல்லுக்கட்டியவன் நீதானே? "மனுசன் பேச்சையெல்லாம் கேட்டா ஒரே வாரத்துல செத்துரும்ட்டி" என்று சிரித்தாய். இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்ல?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு மெமரி கார்டாகப் போட்டு, நம் காதுக்கு எட்டும்படி சத்தத்தை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டேன். எல்லாம் வௌவால். ஆனால் எந்தக் கார்டை எடுத்தாலும் வௌவாலுக்கு முன்னால், ஆரம்பத்திலேயே, ணங் ணங்கென்று ஏதோ ஒன்று. பழுது போல என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மாட்டியதும் பெட்டி விழிக்கிறதா என்று பார்க்க, அதன் முன்னால் உன் சாவிக்கொத்தைக் குலுக்குவாயே! சாவிச் சத்தத்திலும் நம் காதுக்கு எட்டாத பங்கு ஒன்று உண்டு.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"என்னட்டி, கோயில் மணி மாரி இருக்கு?"

"இல்லம்மா. அண்ணன் சாவியக் குலுக்குதான்."

"கதவத் தொறக்கச் சொல்லி வாசல்ல நின்னு குலுக்குவாம்லா," என்றாள். "இன்னொருக்கப் போடு."

போட்டேன். அம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கார்டுகளை அழிக்க மாட்டேன் அண்ணே. கல்லூரிக்காரர்களுக்கு நகல் போதும். மிச்சப் பெட்டிகளையும் நீ சொன்னபடியே முடிப்பேன், நம் பேச்சுக்கு விழிக்காதபடி. மாட்டும்போது, ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்களே உன் சாவிக்கொத்து, வளைந்துபோன வீட்டுச் சாவியோடு, அதைத்தான் குலுக்குவேன். இது சத்தியம்.

கதவைச் சாத்த அம்மா இன்னும் விடவில்லை. கொசு பிடுங்குகிறது. பிடுங்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் தங்கச்சி ஜெபா