படிக்கட்டுக் கறைக்கு மேஜர் காரணமல்ல

அனுப்புநர்:
மறைந்த துறைமுகப் பொறியாளரின் மனைவி, வயது 76,
இரண்டாம் தளம், தெருப்பக்க வீடு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் வளர்ப்பு நாயை இம்மாதம் 21ஆம் தேதிக்குள் நகராட்சிக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நோட்டீசை ரத்து செய்யக் கோருதலும், உண்மைக் காரணத்தைத் தெரிவித்தலும்.

பார்வை: தங்கள் அலுவலக நோட்டீஸ், நாள் 7.

மதிப்புக்குரிய அலுவலர் அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் படிக்கட்டுச் சுவரை முகர்ந்து பார்ப்பதாக எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உலவுகிறது. தங்கள் ஆய்வாளர் வந்தபோது அவர் காதிலும் அது போடப்பட்டது. நான் எதையும் முகரவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அந்த நாற்றம் தானாகவே இரண்டு மாடி ஏறி என் கதவிடுக்கு வழியாக உள்ளே வருகிறது. நான் குனிந்தது அளவு நாடாவைப் பிடிக்க.

1. தரைத்தளப் படிக்கட்டின் அடியில், மின்மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்து மூலையில், நான்கு மாதங்களாகச் சிறுநீர்க் கறை இருக்கிறது. சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாக உப்பி உதிர்கிறது. அவ்வழியே நடந்தால் செருப்பு தரையில் ஒட்டி, பிய்ந்துகொண்டு வருகிறது. தினமும் அதன்மேல் பினாயில் ஊற்றப்படுவதால் ஒரு நாற்றத்துக்கு இரண்டு நாற்றம்.

2. இதற்குக் காரணம் “மேஜர் என்ற ஆண் நாய் காலைத் தூக்கி அசுத்தம் செய்வதே” என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் தங்களுக்கு எழுதியிருக்கிறார். மேஜர் பெண் நாய். வீட்டுக்கு வந்த முதல் நாளே அதன் நடையைப் பார்த்து என் கணவர் வைத்த பெயர் அது. வேறெதையும் அவர் பார்க்கவில்லை. பிறகு சொல்லியும் மாற்ற மறுத்துவிட்டார். இதை நான் விளக்கியபோது செயலாளர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “ஆன்ட்டி, நாய்ல என்ன ஆம்பள பொம்பள? சுவரப் பாத்தா சும்மா விடுமா?”

கறை தரையிலிருந்து இரண்டடி நான்கு அங்குல உயரத்தில் தொடங்குகிறது. மேஜர் நின்றாலும் ஓரடி இரண்டு அங்குலம்தான். அது உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்கும்.

3. அதுவும் புல்லில் மட்டும். மூன்று சுற்றுச் சுற்றும். யாராவது பார்த்தால் எழுந்துவிடும். நான்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு வயது பதின்மூன்று. இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீரகம் பழுது. வாயில் அமோனியா வாடை. வாரம் இருமுறை மஞ்சள் நுரையாக வாந்தி. துடைப்பது நான். அருவருப்பு எனக்குப் புதிதல்ல.

காப்பகத்தை நேரில் போய்ப் பார்த்தேன். எல்லாக் கூண்டுகளும் சிமென்ட் தரை. சென்ற ஆண்டு மருத்துவமனையில் இதே போன்ற தரையில் மேஜர் பத்தொன்பது மணி நேரம் அடக்கிக்கொண்டு கிடந்தது. இன்னொரு முறை அப்படி அடக்கினால் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் எழுத்தில் தந்திருக்கிறார். சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது.

4. மருத்துவர் சொற்படி, நீளக் கைப்பிடிக் கரண்டி ஒன்றில் அதன் சிறுநீரைப் பிடித்து, நிறத்தையும் அளவையும் தினமும் குறித்து வருகிறேன். (அக்கரண்டி சமையலறைக்குள் வருவதில்லை.) கெட்டுப்போன சிறுநீரகத்திலிருந்து வருவது வெறும் தண்ணீர் போலிருக்கும், வாடை அநேகமாக இராது. மூலையில் இருப்பதோ கருமஞ்சள், மூக்கைத் துளைக்கும் நெடி. நாளெல்லாம் வெக்கையில் நின்று, தண்ணீர் குடிக்காமலிருக்கும் மனிதருடைய சிறுநீர் அது. இந்த முடிவுக்கு வந்த பிறகே துப்புரவுப் பணியாளரிடம் விசாரித்தேன். அவர் சொன்னது:

“கீழ பாத்ரூம பூட்டினதுல இருந்து இப்படித்தாம்மா. ஆம்பளைங்க மூலையில ஒதுங்கிடறாங்க. நான் எங்க ஒதுங்குவேன்? காலையில ஒரு வாய் தண்ணி, அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான். அந்த மூலையக் கழுவுறதும் நான்தான். உங்க நாய் குடுத்து வச்சதும்மா.”

ஆண்களில் எவர் என்று நான் கேட்கவில்லை. காவலாளியும் ஓட்டுநர்களும் பன்னிரண்டு மணி நேரம் இங்கேயே இருக்கிறார்கள். தாங்களும் பெயர் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரிந்த மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.

5. அந்தக் கழிவறையைப் பூட்டச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் முன்மொழிந்தவள் நான். “வேலைக்கு வருபவர்களுக்குச் சுத்தம் தெரியாது” என்ற வாக்கியம் என்னுடையது. கூட்டக் குறிப்பேட்டில் என் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது. சென்ற வாரம் அதை மறுபடி படித்தேன். அந்த மூலையைக் கடக்கும்போது வராத அருவருப்பு அப்போது வந்தது. நாய் சிறுநீரை அடக்கக் கூடாதென்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிய நான், ஒரு பெண்ணை நான்கு மாதம் அடக்க வைத்திருக்கிறேன்.

திறக்கச் சொல்லிச் செயலாளரிடம் போனேன். “பூட்டச் சொன்னதே நீங்கதானே ஆன்ட்டி? இப்ப உங்க நாய் பேரு அடிபடுதுன்னதும் ஞானம் வந்துடுச்சாக்கும்!” என்றார். ஆம், அப்படித்தான் வந்தது. மறுக்கவில்லை. ஆனால் சாவி அவரிடம். உள்ளே அவருடைய உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறது. அதில் அவர் ஏறி எவரும் பார்த்ததில்லை.

6. ஆகவே கேட்டுக்கொள்வது:

கழிவறையைத் திறந்து, தண்ணீரும் உள்தாழ்ப்பாளும் இருக்கச் செய்ய உத்தரவிட வேண்டும். அதைச் சுத்தமாக வைக்கும் பொறுப்பில் முதல் மாதத்தை நான் ஏற்கிறேன்.

மூலையைக் கழுவி, மறுபடி சுண்ணாம்பு அடித்து, பதினைந்து நாள் பொறுத்துத் தங்கள் ஆய்வாளரை அனுப்ப வேண்டும். அதன் பிறகும் அங்கே ஈரம் இருந்தால் மேஜரை நானே அழைத்து வருகிறேன்.

அதுவரை 21ஆம் தேதி நோட்டீசை நிறுத்திவைக்க வேண்டும். தங்கள் ஆட்கள் வந்தால் மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிடும். அதற்கு யார்மீதும் சந்தேகம் கிடையாது.

இம்மனுவுக்கான பதிலை 20ஆம் தேதிக்குள் எழுத்துமூலம் அனுப்பிவைக்கவும்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
இரண்டாம் தளக் குடியிருப்பாளர்

இணைப்பு: மருத்துவர் சான்றிதழ், கூட்டக் குறிப்பேட்டின் நகல்.