பச்சை அட்டையை யாரும் திறக்கவில்லை

அனுப்புநர்:
இறுதியாண்டு மாணவி,
கூட்டுப் பட்டப்படிப்பு (குடிசார் பொறியியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல்),
ஊழியர் குடியிருப்பு, கடைசி வரிசை,
பல்கலைக்கழக வளாகம்.

பெறுநர்:
துணைவேந்தர் மற்றும் கட்டடக் குழுத் தலைவர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம்,
பல்கலைக்கழக வளாகம்.

பொருள்: புதிய மாணவியர் விடுதி – பின்புறத் தாழ்நிலத்தில் கட்டத் தீர்மானித்தது – என் ஆய்வில் ஒரு பாதியை மட்டும் காட்டி ஒப்புதல் பெற்றது – பணியை நிறுத்தி முழு ஆய்வையும் பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட கூட்டுப் படிப்பில் நான் ஐந்தாம் ஆண்டு பயில்கிறேன். குடிசார் பொறியியல் என்று யாரும் சொல்வதில்லை என்பதால் இனி சிவில் என்றே எழுதுகிறேன். சிவில் துறையில் எனக்கு ‘மரக்கட்சி’ என்று பெயர். சுற்றுச்சூழல் துறையில் ‘சிமெண்டு மூட்டை’. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஐந்து வருடமும் கேலி செய்தார்கள். என் ஆய்வு முழுக்க முழங்கால் சேற்றிலேயே நடந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை.

2. இம்மனு பல்கலைக்கழகச் செயற்பொறியாளர் அவர்களின் செயலைப் பற்றியது. அவர் என் தந்தை. இதைத் தாங்கள் பிறர் சொல்லி அறிவதைவிட நானே சொல்லிவிடுவது முறை. மனு முழுவதும் அவரைப் பதவிப் பெயரால் மட்டுமே குறிப்பிட எண்ணியுள்ளேன். எங்காவது தவறினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

3. பள்ளி முடித்தபோது எனக்குச் சுற்றுச்சூழல் படிக்க ஆசை. செயற்பொறியாளர் அவர்களுக்கு நான் சிவில் படிக்க வேண்டும். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோய், உப்பு வேண்டுமா என்பதைக்கூட அம்மா வழியாகக் கேட்டுக்கொண்டோம். கடைசியில் இந்தக் கூட்டுப் படிப்பு இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து வந்தவர் அவர்தான். “ரெண்டையும் சேத்தே படி. கட்டவும் தெரியணும், எங்க கட்டக்கூடாதுன்னும் தெரியணும்” என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் சேர்ந்தேன். தாங்கள் இதை மனதில் கொள்ள வேண்டுகிறேன்.

4. நம் கால அட்டவணையில் சிவில் துறையின் களப்பணி கோடையில் வருகிறது. மண்ணைத் துளையிடும் இயந்திரம் சேற்றில் இறங்காது என்பது காரணம். சுற்றுச்சூழல் துறையின் களப்பணி மழைக்காலத்தில் வருகிறது. தண்ணீர் இருந்தால்தான் தண்ணீரை ஆராய முடியும் என்பது காரணம். இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் இதனால் சிவில் துறையில் ஒருவரும் இந்த வளாகத்தின் நிலம் நனைந்திருக்கப் பார்த்ததில்லை. சுற்றுச்சூழல் துறையில் ஒருவரும் அது காய்ந்திருக்கப் பார்த்ததில்லை. கூட்டுப் படிப்பில் இருப்பவர்கள்தான் ஒரே நிலத்தை இரண்டு கோலத்திலும் பார்க்கிறோம். இவ்வாண்டு அப்படிப் பார்த்தவள் நான் ஒருத்தி.

5. நான் எடுத்துக்கொண்ட நிலம் பழைய விடுதிக்குப் பின்னால் உள்ள தாழ்நிலம். கோடையில் அங்கே கடப்பாரை இறங்காது. துளையிட்டு எடுத்த மண் நான்கு மாடிச் சுமையைத் தாங்கும் என்றே சோதனையில் வந்தது. அந்த முடிவில் பிழை இல்லை. இன்றும் அதற்கு நான் பொறுப்பேற்கிறேன். மழை வந்ததும் அதே நிலம் செருப்பை இழுத்துக்கொண்டது. வளாகத்தின் கூரைகள், சாலைகள் எல்லாவற்றின் தண்ணீரும் வந்து சேரும் இடம் அது. மேலே உள்ள களிமண் ஊறிக் களியாகிவிடுகிறது. கோடையில் தாங்கிய சுமையில் பாதியைக்கூட அப்போது அது தாங்காது.

6. தண்ணீர் எவ்வளவு வேகமாக மண்ணில் இறங்குகிறது என்று அறிய ஒரு குழி வெட்டி, அதில் நீர் நிரப்பி, மட்டம் குறைவதை அளப்பது வழக்கம். மழைவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதவிக்கு ஆள் கிடைக்காததால் செயற்பொறியாளர் அவர்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையிலும் வாளியோடு வந்தார். ஊற்றினோம். மட்டம் குறையவில்லை. ஊற்றுவதை நிறுத்திய பிறகும் குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து விளிம்பைத் தாண்டியது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். “இங்க எவனாவது கட்டடம் கட்டுவானா? கட்டினா படகு கட்டித்தான் குடியிருக்கணும்” என்றார். நானும் சிரித்தேன். வாளி இரண்டையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் என் காலில் இருந்த சேற்றை அவர்தான் குழாயடியில் கழுவிவிட்டார்.

7. கூட்டுப் படிப்பானாலும் ஆய்வறிக்கையைத் துறைக்கு ஒன்றாக இரண்டு தொகுதிகளாகத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சிவில் தொகுதிக்குச் சாம்பல் அட்டை. சுற்றுச்சூழல் தொகுதிக்குப் பச்சை அட்டை. ஒரே தொகுதியாகத் தைக்க அனுமதி கேட்டேன். அலமாரியில் எந்தத் துறைப் பக்கம் அடுக்குவது என்று நூலகத்தில் கேட்பார்கள் என மறுத்துவிட்டார்கள். இரண்டு தொகுதிகளின் பிரதிகளையும் செயற்பொறியாளர் அவர்கள் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் நாலு பேருக்குக் காட்டுவார் என்று நினைத்தேன்.

8. காட்டினார். கட்டடக் குழுவில் தங்கள் முன்னிலையிலேயே காட்டினார். சாம்பல் அட்டையை மட்டும். சென்ற வாரம் நடைபாதையில் புலமுதல்வர் என்னை நிறுத்தி, “உங்க அப்பா உன்னப் பத்திப் பேசினப்ப குரலே மாறிடுச்சும்மா. ‘என் பொண்ணு பண்ண ஆய்வு, நாலு மாடி தாங்கும்’னு சொன்னாரு” என்று வாழ்த்தினார். அந்த நிலத்தில் விடுதி வரப்போவதை அப்போதுதான் அறிந்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நன்றி என்று சொல்லியிருப்பேன், அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

9. அன்று மாலையே அவரிடம் நேரில் கேட்டேன். மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. “மண்ணு தாங்குமான்னு கேட்டாங்க. தாங்கும்னு சொன்னேன். தண்ணியப் பத்தி யாரும் கேக்கல” என்றார். ஏன் என் பெயர் என்று கேட்டேன். “என் பேருன்னா வேற ஆள வெச்சுப் பாக்கச் சொல்வாங்க. உன் பேருன்னா நம்ம பல்கலைக்கழகமே பண்ண ஆய்வுன்னு விட்ருவாங்க” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் கொஞ்சமாவது பதறுவார்கள். அவர் கத்தரிக்கோலை எடுத்து மீசையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

10. அவருக்கு நியாயம் செய்யும் பொருட்டு ஒன்று சொல்ல வேண்டும். இதில் அவருக்குக் காசு ஆசை எதுவும் இல்லை. பணியில் சேர்ந்த நாள் முதல் அவருக்கு வாய்த்ததெல்லாம் ஒழுகும் கூரையும் அடைத்த சாக்கடையும்தான். முழுதாக ஒரு கட்டடத்தை இப்போதுதான் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். விளையாட்டு மைதானத்தின் அருகே மேட்டு நிலம் இருக்கிறது. இடத்தை மாற்றினால் ஒப்புதல்கள் எல்லாம் முதலிலிருந்து வர வேண்டும். அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். கல்வெட்டில் வேறொருவர் பெயர் இருக்கும். அந்த ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால்தான் இம்மனுவை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

11. வரைபடத்தின்படி தரைத்தள அறைகள் படியேற முடியாத மாணவியருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. என் சுற்றுச்சூழல் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அதட்டி வேலை வாங்குவதால் நாங்கள் அவளைத் ‘தலைவி’ என்போம். மேற்படிப்புக்கு இங்கேயே இருக்கப்போகும் அவளுக்குத் தரைத்தளத்தில் முதல் அறை. பச்சை அட்டைத் தொகுதியை அவள் ஒருத்திதான் முழுதாகப் படித்தாள். படித்துவிட்டு, “தண்ணி வந்தா நீங்கல்லாம் மாடிக்கு ஓடிருவீங்க. நான் யாரு தோள்ல ஏறட்டும்?” என்று கேட்டாள். வழக்கம்போல் அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். நாளை அவள் அறைக்குள் தண்ணீர் புகுந்தால், நிலம் நல்ல நிலம் என்று சொன்னவள் நான் என்றுதான் ஏட்டில் இருக்கும்.

12. என் வழிகாட்டிகள் இருவரையும் அணுகினேன். சிவில் வழிகாட்டி, தண்ணீர் அந்தத் துறையின் விஷயம் என்றார். சுற்றுச்சூழல் வழிகாட்டி, கட்டடம் அந்தத் துறையின் விஷயம் என்றார். பிறகு இருவரும், தனித்தனியாக, அது உங்கள் வீட்டு விஷயம் என்றனர். அதில் மட்டும் இரு துறைகளும் ஒன்றுபட்டன. என் தாயாரும் அதையே சொன்னார்: “வீட்டுச் சண்டைய வீட்டுக்குள்ள வெச்சுக்க. அவர் மேல மனு எழுதிட்டு எந்த முகத்தோட அவரு பக்கத்துல உக்காந்து சாப்பிடுவ?” அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் விடுதி எங்கள் வீடு இல்லை.

13. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். மனுவில் எழுதத் தக்க சொல் அல்ல என்று அறிவேன். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. என் ஆய்வைத் தவறு என்று அவர் கிழித்துப் போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அதைப் புகழ்ந்து, புகழ்ச்சிக்குள் வைத்து என்னை விற்றுவிட்டார். எங்கே கட்டக்கூடாது என்று தெரிந்துகொள் என்று அனுப்பியவரே, நான் தெரிந்துகொண்டு வந்து சொன்னதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். இரவில் அவர் இருமுவது சுவருக்கு அப்பால் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

எனவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து,

அ. அடித்தளப் பணி தொடங்கும் முன் அதை நிறுத்திவைத்து, இரு தொகுதிகளையும் ஒருசேர வைத்துக் கட்டடக் குழுவைப் படிக்கப் பணிக்குமாறும்,

ஆ. அது இயலாதெனில், சாம்பல் அட்டைத் தொகுதியிலிருந்து என் பெயரை நீக்குமாறும் (இதனால் எனக்குப் பட்டம் கிடைக்காமல் போகும் என்பதை அறிந்தே கேட்கிறேன்),

இ. முதல் மழை விட்டதும் குழு உறுப்பினர்கள் அந்தக் குழியை நேரில் பார்வையிடுமாறும், அப்போது செயற்பொறியாளர் அவர்களைக் கட்டாயம் உடன் அழைத்து வருமாறும்

தாழ்மையுடன் வேண்டுகிறேன். அவரிடம் யாரும் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். குழியின் ஓரத்தில் சற்று நேரம் நிற்கச் சொன்னால் போதும். அவர் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லத் தெரியாதவர். யாரும் கேட்காததைச் சொல்லாமல் இருக்க மட்டும் இப்போது பழகியிருக்கிறார். அன்று அவர் பக்கத்தில் நானும் நிற்பேன். வாளிகளை இம்முறை நான் தூக்கி வருகிறேன்.

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: மே 12

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்பு: ஆய்வறிக்கை, இரு தொகுதிகள். இரண்டையும் நானே ஒரே நூலால் சேர்த்துத் தைத்திருக்கிறேன். பிரிக்காமல் படிக்க வேண்டுகிறேன்.

நகல்: செயற்பொறியாளர் அவர்களுக்கு. அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. இன்று இரவு சாப்பாட்டு மேசையில், அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைக்கப்படும். அவர் படித்து முடிக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.