ஆமை ஊதிய ஒற்றைச் சங்கு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுண்டெலி எழுதுவது. கால் வலி குறைந்ததா? ஆஸ்பத்திரியில் தூங்க முடிகிறதா? இங்கே எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நம் 'ஆமை' கடலுக்கடியில் கிடக்கிறது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. முப்பத்தொரு வருடம் சிமென்ட், வெங்காயம், ஓடு என்று எதை ஏற்றினாலும் முனகாமல் சுமந்த கப்பல். "என்னப்பா, ஆமை இன்னும் நீந்துதா?" என்று பெரிய கப்பல்காரர்கள் கேட்டால், "நீந்துறதோட இல்ல, உங்களையும் இழுத்துட்டு வரும்" என்பாராம் அப்பா. புயலில் மூன்று மீன்பிடிப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்து வந்ததும் அதுதானே. அதன் எஞ்சினோடு நீங்கள் பேசுவீர்கள் என்று அம்மா சிரிப்பாள். பெரிய கப்பலால் இடிபட்ட பிறகும் அது அவசரப்படவில்லை. இருபது நிமிடம் மிதந்து ஏழு பேரையும் இறங்கவிட்டது. கால் உடைந்த உங்களை எஞ்சின் அறையிலிருந்து முதுகில் சுமந்து ஏணி ஏறிய அப்பாதான் கடைசியாக இறங்கினார் என்று கப்பல் சமையல்காரர் அழுதுகொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை விசாரணை. ஒரு சங்கு ஊதினால் கப்பல் வலப்பக்கம் திரும்புகிறது, இரண்டு என்றால் இடப்பக்கம். அப்பா இரண்டு ஊதிவிட்டு வலப்பக்கம் திரும்பினார், அதை நம்பி இடப்பக்கம் திரும்பியதால்தான் மோதினோம் என்று நம்மை இடித்த கப்பல்காரர்கள் சொல்கிறார்கள். துறைமுகம் முழுக்க நம்புகிறது. எதிரே கப்பல் இல்லாதபோது அப்பா எனக்காக இரண்டு ஊதுவதும், நான் மாடியிலிருந்து துண்டை ஆட்டுவதும் யாருக்குத் தெரியாது?

மோதிய அன்று சாயங்காலமும் துண்டோடு நின்றேன், மாமா. ஒன்றுதான் கேட்டது. இரண்டாவது வரவேயில்லை. கோபத்தோடு கீழே இறங்கினேன். "அப்பா ஊதிட்டாரா?" என்று அம்மா கேட்டாள். அப்பா என்னை மறந்துவிட்டார் என்று அக்கா கேலி செய்வாளே என்று, "ஓ, ரெண்டு" என்றேன்.

அதிகாரிகள் வீட்டுக்கு வந்தபோது அம்மா அதை அப்படியே சொன்னாள். அதுவரை ஒன்றுதான் ஊதியதாகச் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, என்னைப் பார்த்தார். "அப்போ கை பழக்கத்துல ரெண்டு ஊதியிருப்பேங்க. என் பொண்ணுக்குக் காது தப்பாது" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

காது தப்பவில்லை, மாமா. வாய்தான் தப்பியது.

அப்பா இனி எந்தக் கப்பலையும் ஓட்ட முடியாது என்கிறார்கள். விடிந்ததும் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். பயத்தில் பேச்சு வராவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் இந்தக் கடிதம். இதை விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை நேரில் கூப்பிட்டாலும் வருகிறேன்.

உங்கள் கால் சீக்கிரம் கூடட்டும். அப்பாவுக்கு இன்னொரு கப்பல் கிடைக்கட்டும். எனக்காக அவர் சங்கு ஊதவே வேண்டாம். வந்து சேர்ந்தால் போதும்.

உங்கள் அக்கா மகள்,
சுண்டெலி