பதினெட்டு சென்டிமீட்டர் டாங்கி

ஆகஸ்டு 5, செவ்வாய்

இல்லை, பொழுதுபோக்கு இல்லை. வேறு பெயரும் தெரியவில்லை. எம்.ஏ. முடித்து வீட்டில் பதினான்கு மாதம். போட்ட விண்ணப்பம் எதற்கும் பதில் இல்லை. ஆரம்பித்து முடிக்க முடிகிற காரியம் இந்த அட்டை வேலை ஒன்றுதான்.

காற்று. போடிமெட்டுப் பக்கமிருந்து இறங்கும் ஆடிக் காற்று. படம் எடுக்க மாடியில் கொட்டிய மணல் பக்கத்து வீட்டு வடகத்தில். திட்டு.

டாங்கி நேற்று முடிந்தது. உடம்பு: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, பதினோரு கல்யாணம். சக்கரம்: சட்டைப் பொத்தான். குழல்: தீர்ந்த ரீஃபில். சக்கரத்தின் மேல் ஓடும் பட்டை: சைக்கிள் டியூப், அதன் மேல் நூற்று அறுபது அட்டைத் துண்டு. ஆணித்தலைகள்: கேழ்வரகு. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஓட்டுநரின் தலை: ஒரு மிளகு.

மாதிரி, பழைய பத்திரிகைப் படம் ஒன்று. சந்தேகம் வந்தால் தங்கராசு அண்ணனுக்கு எழுதிக் கேட்பேன். ராஜஸ்தானில் டாங்கிப் படையில் இருக்கிறார். சமையல்காரர். பதில்: ‘அடுப்படி ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குச் சக்கரம் ஐந்து.’

கீழே அம்மா யாரிடமோ: “எம்.ஏ. படிச்ச புள்ள. பொத்தானப் பூராம் பிச்சுப்புட்டா. அவுகப்பா சட்டையில ஊக்கு குத்திக்கிட்டுத் திரியுறாரு.”

ஆகஸ்டு 7, வியாழன்

தூக்கம் இல்லை. படப் பிரச்சினை. நிஜ டாங்கி மாதிரியே தெரிய வேண்டும்.

அப்பாவின் பெட்டிக் கேமரா. கிட்டப் போனால் மங்கல். அவருடைய பழைய மூக்குக் கண்ணாடியில் ஒரு வில்லையைக் கழற்றி முன்னால் ஒட்டினேன். இப்போது டாங்கி தெளிவு, பின்னால் எல்லாம் பஞ்சு. பின்னால் பஞ்சு என்றால் பொருள் சின்னது என்று கண் கண்டுபிடித்துவிடும். கறுப்புத் தாளில் ஊசியால் துளை போட்டு வில்லையை மறைத்தால் எல்லாமே தெளிவு. ஆனால் வெளிச்சம் போதாது. திறந்து வைத்துப் பத்து எண்ண வேண்டும். பத்து எண்ணும்வரை ஓர் இலை அசையக் கூடாது.

ஆடி மாதத்தில்.

ஆகஸ்டு 8, வெள்ளி

விடியுமுன் அப்பாவோடு ஜீப்பில் மலையடிவாரக் குரங்கணி. அவர் தோட்டத்துக்கு ஏறிப் போனார். நான் ஆற்றோரம், பாறை மறைவில். மணலைப் பரப்பி, விளக்குமாற்றுக் குச்சியால் சக்கரத் தடம் இழுத்தேன். மரம் வேண்டும். கரையில் முளைத்திருந்த செடிகளில் மூன்றைப் பிடுங்கி நட்டேன். சாண் உயரம். பொடிப்பொடி இலை, வேலமரம் மாதிரியே. என்ன செடியோ.

குப்புறப் படுத்துக்கொண்டு, கேமரா தரையில். ஜீப்பு டிரைவர் தள்ளி நின்று பீடி.

“என்னாத்தா, பாம்பா?”

“டேங்கு.”

“அப்பச் சரி.”

ஆறு படம் வீண். ஏழாவதில் காற்று நின்றது. எண்ணினேன். பத்தில் மூடினேன். உடனே செடி மூன்றும் சாய்ந்து ஆடின.

ஆகஸ்டு 11, திங்கள்

தூறல். ஸ்டுடியோவில் பெரிய பிரிண்டு வாங்கினேன். ஸ்டுடியோக்காரர் கேட்டார்: “மிலிட்டரிக்குள்ள பொம்பளைய விடுறாகளா?” காசை வைத்தேன். வீடுவரை வேகமாக நடந்தேன். ஏன் வேகம், தெரியவில்லை.

சாயங்காலம் சீனி மாமா. அம்மாவின் தம்பி. அண்ணனுக்குத் தேவாரம் ஊரில் பெண் பேசிக்கொண்டிருப்பவர். மேஜையில் இருந்த படத்தை எடுத்தார்.

“இது எந்த ஊரு தாயி? தங்கராசு அனுப்புனானா?”

ஒரு கணம். முழுதாக ஒரு கணம் நம்பினார். அப்புறம் அலமாரியைத் திறந்து டாங்கியைக் காட்டினேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே யோசித்தார்.

“பொண்ணு வீட்ல மாப்ளே டேங்கு ஓட்டுறாருன்னு சொல்லி வச்சிருக்கேன். படம் கிடம் இருக்கான்னு அரிக்கிறாக.”

“அண்ணன் சமைக்கிறாரு மாமா.”

“டேங்கு ஓட்டுறவனுக்குத்தான சமைக்கிறான்? அவன் திங்காம எப்படி ஓட்டுவான்?”

படத்தில் மிளகைத் தொட்டார். “மூஞ்சி தெரியல. ஆனா நம்ம பய சாடைதான்.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“கல்யாணம் முடிஞ்சா தானாத் தெரியும்.”

படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க முடியும். அவர் நம்பிய அந்த ஒரு கணம் எனக்கு இனித்தது. இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எங்கும் சொல்லப் போவதில்லை.

ஆகஸ்டு 20, புதன்

ஆவணி பிறந்துவிட்டது. பெண்ணுக்குப் பூ வைக்கத் தேவாரம் போனோம். அம்மா, அப்பா, மாமா, நான்.

கூடத்துச் சுவரில் என் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, காலண்டருக்குப் பக்கத்தில். தெருவே வந்து பார்த்துப் போகிறதாம். பெண்ணின் அப்பா குடைக்கம்பால் சுட்டிக்காட்டினார்.

“அந்தா எட்டிப் பாக்குறாருல்ல? அவருதான் மாப்ளே.”

ஒரு பெரியம்மா கிட்டப் போய்: “நல்ல கறுப்புதான்.”

“வெயில்ல கெடக்குறவருல்ல.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

பெண் ஈஸ்வரி. கை காய்த்திருந்தது. கை கழுவத் தண்ணீர் தருகிறேன் என்று என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். சொம்பைச் சாய்த்தபடி, மெதுவாக:

“அக்கா, அந்த டேங்கு எம்புட்டு உசரம் இருக்கும்?”

“ஏன்?”

“பக்கத்துல மரமா நிக்கிறது கீழாநெல்லி. எலைக்கு அடியில வரிசையாக் காய் தெரியுது. எங்க கடலைக் காட்டுல களை எடுக்கையில தெனமும் அதத்தான் பிடுங்குறேன். சாணுக்கு மேல வளந்து நான் பாத்ததில்ல.”

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

“டேங்குதான் பொய்யா, ஆளும் பொய்யாக்கா?”

“டேங்கு நான் செஞ்சது. அட்டை. அண்ணன் பட்டாளத்துலதான் இருக்காரு. டேங்கு ஓட்டல. சமைக்கிறாரு. இந்தப் படம் இங்க இருக்குறதே அவருக்குத் தெரியாது.”

காலிச் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு: “சமைக்கிறவரு பரவாயில்ல. பொய் சொல்றவருதான் வேணாம். நீங்களே எங்கப்பாட்டச் சொல்லீருங்க. நான் சொன்னா, மாப்ள பிடிக்காமக் கத கட்டுறேன்னு என்னையத்தான் வைவாரு. வெள்ளிக்கிழமை நாள் குறிக்கப் போறாரு. அதுக்கு முன்ன.”

உள்ளே கூப்பிட்டார்கள். பூ வைத்தார்கள். கேசரி. நான் சும்மா இருந்தேன்.

ஆகஸ்டு 21, வியாழன்

மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். ஏறினேன்.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டம்.

“ஒங்கண்ணனுக்கு முப்பது வயசு. சமையக்காரன்னதும் மூணு எடம் தட்டிப்போச்சு. நாலாவதா இது. இதையும் கெடுத்துப்புட்டு நீ மறுபடி அட்டை வெட்ட உக்காந்துருவ. அவன் என்ன பண்ணுவான், சொல்லு?”

உண்மை. மூன்று இடம். கடைசி இடத்துக்குப் பிறகு அண்ணன் எழுதியது: ‘இனி எனக்காக யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம்.’ அதற்கப்புறம் ஏழு மாதம் கடிதமே இல்லை. என் டாங்கிக் கேள்விக்குத்தான் மறுபடி எழுதினார்.

படம் மோசமாக வந்திருந்தால் மாமா கையில் எடுத்திருக்க மாட்டார். நன்றாக வந்ததுதான் குற்றம். இதுவரை நான் செய்ததில் நன்றாக வந்தது அது ஒன்றுதான். தேவாரம் முழுக்க அதற்கு அண்ணன் பெயர். வெட்கமா, பொறாமையா? இரண்டும்.

என்ன செய்ய என்று அப்பாவிடம் கேட்டேன். “தேவாரத்துக்கு மொத பஸ்சு ஆறரைக்கு,” என்றார். 

ஆகஸ்டு 22, வெள்ளி

டாங்கியைப் பலகாரப் பெட்டியில் வைத்து, மடியில். பஸ்சில் வழியெல்லாம் குலுக்கல். ஒரு சக்கரம் கழன்றது.

ஈஸ்வரியின் அப்பா குடையும் மஞ்சப்பையுமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். முக்காலியில் டாங்கியை வைத்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். அட்டை, ஆற்று மணல், சமையல், மாமா, நான் தடுக்காதது.

குனிந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஒரு பொத்தானை விரலால் சுற்றினார், சுற்றியது. ஓட்டுநரின் தலையைக் கிள்ளி எடுத்து முகர்ந்தார்.

“மிளகு,” என்றார், யாரிடமோ.

பிறகு: “ஒங்க மாமன் அனுப்புனாரா?”

“இல்ல. நானாத்தான் வந்தேன்.”

“தெருவுல இனி எவன் மூஞ்சில முழிப்பேன்? இவருதான் மாப்ளேன்னு மிளகக் காட்டிருக்கேன்.”  ஈஸ்வரி கதவருகே. அவளைத் திரும்பிப் பார்த்தார், ரொம்ப நேரம். குடையை மூலையில் சாத்தினார்.

“நாள் குறிக்கல. பையன் லீவுல வரட்டும். இந்தா, என் முன்னால உக்காந்து, என்ன சோலி பாக்குறேன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் பாப்போம். நீ என்னத்தா சொல்ற?”

“வரட்டும்ப்பா,” என்றாள்.

“அதக் கழட்டு.”

சட்டத்தை இறக்கிப் படத்தை உருவினாள். ஆனால் என்னிடம் தரவில்லை. “இது எனக்கு வேணும்க்கா.”

வாங்கி, பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். அட்டை டாங்கி, பதினெட்டு செ.மீ. குரங்கணி ஆற்று மணல். கீழாநெல்லி மூன்று. கீழே என் பெயர், முழுப் பெயர். அவளிடம் கொடுத்தேன்.

ஊர் திரும்பிப் போடியில் இறங்கி, தபாலாபீசில் நின்றுகொண்டே அண்ணனுக்கு எழுதினேன். எல்லாவற்றையும். லீவு போட்டு வரச் சொல்லி. ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.