கட்டை வைக்காத உருளை

இன்று காலை ராயபுரம் டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் பேர்பெற்ற டென்னிஸ்காரர் ஒருவர், ஊர்பேர் தெரியாத ஒருவனிடம் தோற்றுப்போனாராம். கணுக்கால் வீக்கமாம். "அடப் பாவமே, அந்தக் காலை வச்சிகினு இன்னா பண்ணுவான்!" என்று கடையே உச்சுக்கொட்டியது. உனக்காக யார் உச்சுக்கொட்டினார்கள்?

நீ கிளப்பில் மார்க்கர். துரைமாரோடு சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவன். நான் மைதானம் பார்க்கிறவன். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மார்க்கர்கள் போட்டியில் உன்னை அடிக்க ஆளில்லை. அந்த வருஷம், போட்டிக்கு முதல் நாள், நாம் இருவரும் மைதானத்தைச் சமன்படுத்தும் கல் உருளையைக் கொட்டகைச் சரிவில் ஏற்றி நிறுத்தினோம். அடியில் கட்டை வைப்பது என் வேலை. பீடி பற்றவைக்கிற அவசரத்தில் வைக்கவில்லை. உருளை பின்னால் வந்து உன் வலது பாதத்தின் ஓரத்தில் ஏறி இறங்கியது.

வலியில் உன் முகமே மாறிவிட்டது. ஆனாலும் நீ சொன்னது இதுதான்: "வாயத் தொறக்காத மாமு. தெரிஞ்சா ஒன் வேல பூடும். புள்ளகுட்டிக்காரன் நீ. நாளிக்கு நான் ஆடிக்கிறேன்."

எப்போதும் வெறுங்காலோடு ஆடுகிற நீ, வீக்கத்தை மறைக்க, யாரோ கழித்துப்போட்ட கான்வாஸ் ஷூவில் காலைத் திணித்துக்கொண்டு வந்தாய். முதல் செட்டை எப்படியோ எடுத்தாய். அப்புறம் வலப்பக்கம் வந்த பந்துக்கெல்லாம் தடுமாறினாய், இரண்டு தடவை விழுந்தாய். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனிடம் தோற்றாய். "குடிச்சிட்டு வந்துகீறான்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கிளப் செக்ரட்டரியும் அதையே நம்பி அன்றே உன்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். சாராய வாடையே ஆகாதவன் நீ! நான் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஹார்பரில் நொண்டிக்கொண்டே மூட்டை தூக்கினாய். ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நீ செத்து, உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று உன் பெண்சாதி என்னைக் கேட்டாள்: "அண்ணே, நீ கூடத்தானே இருந்தே. அன்னிக்கு மெய்யாலுமே குடிச்சிருந்தாரா?"

"தெரியலம்மா" என்றேன்.

இப்போதெல்லாம் உருளைக்கு இரண்டு கட்டை வைக்கிறேன். காலால் உதைத்தும் பார்க்கிறேன். மறைத்து மறைத்து அலுத்துவிட்டதடா. இன்று டீயை அப்படியே வைத்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று உன் வீட்டுத் தெரு வரை நடந்தேன். உன் பெண்சாதி குழாயடியில் நின்றிருந்தாள்.

"இன்னாண்ணே, இந்தப் பக்கம்?" என்றாள்.

"சும்மாதாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.